ஊட்டிக்கு வேன் பிடிக்கும் நம் வட்டாரத்தாருக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தாருக்கும் ஆவடியிலிருந்து ஒருவன் எழுதுவது:

முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஊட்டிப் பயண அறிவிப்பு வந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, திங்கள் விடிவதற்குள் வீடு. தலைக்கு இவ்வளவு, குழந்தைக்குப் பாதி, சாப்பாடு நம் சமையல்காரர் கையால். பார்க்கப்போகும் இடங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை: தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, நேரமிருந்தால் பைக்காரா, திரும்பும் வழியில் சாக்லேட், வர்க்கி, நீலகிரித் தைலம். முப்பது நாற்பது குடும்பங்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எத்தனை பெரிய பொறுப்பு என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் அந்த மலையின் மனிதர்கள் இல்லை. அவர்களையும் சேர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஊட்டியை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று வேனில் மைக் பிடிப்பவர் சொல்வார். பிள்ளைகளும் அப்படியே நம்பிவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறுவதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே அந்த மலையில் ஆட்கள் வாழ்ந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்திய செய்தி 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. 1603-ல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, எருமை மேய்த்து வாழும் தோடர்களைச் சந்தித்து எழுதிவைத்தார். தோடர் மட்டுமல்ல, இரும்பும் மண்ணும் இசையும் கைவந்த கோத்தர், வேளாண்மை செய்யும் படகர், காட்டை அறிந்த குறும்பர், மலைச்சரிவில் இருளர், கூடலூர்ப் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும் என அந்த மலையில் பல சமூகங்கள் தானியமும் நெய்யும் பானையும் தேனும் கொடுத்து வாங்கி, ஒருவர் சடங்கில் மற்றவர் பங்கேற்று வாழ்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களும் நீலகிரி மாவட்டத்தில் இருக்கின்றன.

பிறகுதான் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819-ல் மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. சமவெளியின் வெக்கையிலும் காய்ச்சலிலும் நொந்த ஆங்கிலேய அதிகாரிகளும் சிப்பாய்களும் உடம்பு தேற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது கும்பினியின் கவலை. (பூந்தமல்லியிலும் ஆங்கிலேயப் படை முகாம் ஒன்று இருந்தது, அந்தக் கன்டோன்மென்ட் பெயர் இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது.) 1822-ல் தொடங்கி அடுத்த ஆண்டு சல்லிவன் ஊட்டியில் கட்டி முடித்த ‘ஸ்டோன் ஹவுஸ்’தான் அங்கே எழுந்த முதல் ஐரோப்பியக் கட்டடம். ஊர்க்காரர்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் அது இன்னும் நிற்கிறது. நம் வேன்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

அந்த நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து சல்லிவன் வாங்கினார் என்பது எல்லோரும் சொல்லும் வரலாறு. எருமைகளுக்குப் புல்லும் தண்ணீரும் தரும் மேடு, அவர்கள் கணக்கில் விலை போட்டு விற்கிற பண்டமாக இருந்ததா என்ற கேள்வியை உங்கள் குழுவிலிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நன்றாகவே யோசிப்பார்கள். இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சல்லிவன்தான் பின்னாளில், இந்த மேய்ச்சல் நிலத்தின் உரிமை தோடர்களுடையது என்று கும்பினியோடு வாதாடியவர். எதிர்த்தரப்பில் நின்றவர் சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன். ஒரே ஆளே வாங்கவும் செய்திருக்கிறார், வாங்கியதன் நியாயத்தைப் பற்றிக் கவலைப்படவும் செய்திருக்கிறார். அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரே வரியில் அடைத்துவிட முடியாது. மலையின் கதையும் அப்படித்தான்.

லஷிங்டன் காலத்தில் எழுந்தது புனித ஸ்டீபன் தேவாலயம். 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல், 1830 நவம்பரில் கல்கத்தா பேராயரால் அர்ப்பணிப்பு, 1831 ஈஸ்டரில் பொது வழிபாடு. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். அந்த உத்திரங்களும் தூண்களுக்கான மரமும் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து பெயர்த்து எடுத்து வரப்பட்டவை. தோற்ற அரசனின் மாளிகை மரம், வென்றவர்களின் வழிபாட்டிடத்துக்குக் கூரையாகியிருக்கிறது. அதுவும் அந்த இருவருக்கும் முன்பே அங்கிருந்த இன்னொரு மக்களின் மேய்ச்சல் மேட்டில். காலனியாட்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான கட்டடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும். காசு செலவில்லை. அது வழிபாடு நடக்கும் இடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படகு இல்லத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஆனால் படகில் ஏறுவதற்கு முன் சொல்லுங்கள்: இந்த ஏரி சல்லிவன் 1823 தொடங்கி ஓடைகளை மறித்து வெட்டியது, இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம் வரை தண்ணீர் இருந்தது. முகப்பேர் ஏரித் திட்டத்தில் வீடு வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதை நம் பகுதியில் பார்த்தவர்கள்தானே நாம்.

மலையின் பசுமையைப் பார்த்து வியக்கும்போதும் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. வழியெல்லாம் வரிசையாக நிற்கும் தைல மரமும் சீகை மரமும் பைனும் அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவை. மலையின் சொந்த முகம் வேறு: உருண்ட மேடுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக் காடு, அடியில் சதுப்பு, அதிலிருந்து ஓடை. அந்தப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். பிறகு தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட். புல்வெளி சுருங்கியபோது தோடர்களின் எருமைகளும் குறைந்தன. எருமை அவர்களுக்கு வெறும் கால்நடை இல்லை. தெய்வம் படைத்துத் தந்தது. அவர்கள் கோயில் என்று வழிபடுவதே பால்மனையைத்தான். புனித எருமையின் பாலைக் கறந்து கடைவது அங்கே பூசை. அதைச் செய்பவர் விரதமும் கட்டுப்பாடும் காத்துப் பூசாரி ஆகிறார். அந்தக் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பு ஓரத்தில் வளரும் ஒருவகைப் புல்லால். சதுப்பு காய்ந்தால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் கூரை இல்லை.

தோடர் குடியிருப்பை மந்து என்பார்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு, அரைவட்டமாக வளைத்துக் கட்டிய வீடு. ஆள் குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். பாடப் புத்தகத்தில் நாம் பார்த்த படம் அது. இன்று பல மந்துகளில் சிமென்ட் வீடுகள்தான். அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளைப் போலவே பள்ளி, கல்லூரி போகிறார்கள், வேலை தேடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தம் இரண்டாயிரத்தைச் சுற்றித்தான். இவ்வளவு சிறிய சமூகம் தன் மொழியை, திராவிட மொழிகளில் ஒன்றான தோட மொழியை, வீட்டில் பேசிக் காப்பாற்றி வருகிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் அவர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1906-ல் வந்தது. எமனோ என்ற மொழியியலாளர் 1930-களில் அங்கேயே தங்கி அவர்களின் பாட்டுகளைத் திரட்டினார். உலகத்தின் மானுடவியல் மாணவர்களுக்குத் தெரிந்த தோடர்களைப் பற்றி, ஒரு இரவுப் பயண தூரத்தில் இருக்கும் நமக்குத் தெரிந்தது ஒரு படம் மட்டும் என்றால் அது வருத்தத்துக்குரியது.

இதைப் படித்ததும், சரி, பட்டியலில் தோடர் மந்து ஒன்றையும் சேர்த்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் அதை நான் விரும்பவில்லை. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது. வழி திறந்துதான் கிடக்கிறது என்று கும்பலாக ஏறிப் போகிறவர்கள் உண்டு. முன்பின் தெரியாத முப்பது பேர் வேனில் வந்து இறங்கி, அம்பத்தூரில் நம் வீட்டுப் பூஜையறைக்குள் எட்டிப் பார்த்து, அடுப்படியில் நிற்கும் நம் பாட்டியோடு செல்ஃபி எடுத்தால் எப்படியிருக்கும்? அதுதான் அங்கேயும். கோயில் எல்லைக்குள் வெளியார் போகக் கூடாது. தோடப் பெண்களே உள்ளே போவதில்லை. யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு மிட்டாயோ காசோ நீட்டக் கூடாது. பழகியவர் ஒருவர் முன்கூட்டியே பேசி, அவர்கள் வரச் சொன்னால் மட்டும், சிறு குழுவாகப் போகலாம். வரச் சொல்லாவிட்டால் போகாமல் இருப்பதே மரியாதை.

இந்த மரியாதையைப் பற்றிப் பேசும்போது தொலைதூரத்து ஊர் ஒன்று நினைவுக்கு வருகிறது. மெக்சிகோ நாட்டின் தெற்கில், சியாபாஸ் மாநிலத்தில் சான் கிறிஸ்டோபல் தே லாஸ் காசாஸ் என்றொரு மலை நகரம். 1528-ல் ஸ்பானியர்கள் நிறுவியது. உயரம் ஏறக்குறைய நம் ஊட்டி அளவே, 2,200 மீட்டர். ஓட்டு வீடுகள், மஞ்சள் தேவாலயம், குளிர் என்று பார்க்க உலகமே வருகிறது. ஆனால் அந்த ஊரைச் சுற்றி மாயா மக்கள்தான் வாழ்கிறார்கள். சோட்சில், செல்டால் மொழிகள்தான் சந்தையில் கேட்கும். பக்கத்தில் சான் ஹுவான் சமுலா என்ற ஊரின் தேவாலயத்தில் பைன் இலைகளைத் தரையில் பரப்பி, மெழுகுத்திரிகளை ஏற்றி, கிறிஸ்தவமும் மாயா வழிபாடும் கலந்த தங்கள் சடங்குகளைச் செய்கிறார்கள். பார்வையாளர்கள் உள்ளே வரலாம்; படம் எடுக்கத் தடை. அந்தத் தடையை விதித்தது அந்த ஊர் மக்கள். நகரத்தின் பெயரிலிருக்கும் லாஸ் காசாஸ், பூர்வகுடிகளுக்காக ஸ்பானிய அரசிடம் வாதாடிய பேராயர். அப்படியிருந்தும் அந்த மக்களின் நிலத் துயரம் தீரவில்லை. 1994 புத்தாண்டு நாளில் சாபாதிஸ்தா என்ற பூர்வகுடிப் போராளிகளின் எழுச்சி வெடித்தபோது அவர்கள் கைப்பற்றிய நகரங்களில் அதுவும் ஒன்று. அழகான காலனி நகரம் என்று ஒரு மலையூரைச் சொல்லும்போது யாருடைய மலை என்ற கேள்வியை விட்டுவிட முடியாது என்பதற்கு அந்த ஊர் சாட்சி. அங்கே மாயாப் பெண்கள் இடுப்பில் கட்டிய தறியில் நெய்யும் துணியைத் தங்கள் கூட்டுறவின் மூலம் தாங்களே விற்கிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஏனென்றால் தோடப் பெண்களின் கையிலும் அப்படியொரு கலை இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். வரைபடம் கிடையாது, சட்டம் கிடையாது. துணியின் ஊடையும் பாவும் விரலால் எண்ணி, பின்பக்கத்திலிருந்து தைத்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் தொட்டுப் பார்த்தால் நெய்ததா தைத்ததா என்று நமக்குச் சந்தேகம் வரும். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிப் போர்வைக்கு அழகு தருவது அதுதான்; இறந்தவரை வழியனுப்பும்போதும் அதைத்தான் போர்த்துகிறார்கள். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு போர்வை முடியப் பல வாரம் ஆகும். ஆகவே விலை அதிகம். அது நியாயமான விலை. சால்வை வாங்க முடியாதவர்கள் சிறு பையோ கைபேசி உறையோ வாங்கலாம். தயவுசெய்து அங்கே நின்று பாதி விலைக்குப் பேரம் பேசாதீர்கள். அச்சில் அடித்த போலியும் கடைகளில் தொங்குகிறது. திருப்பிப் பார்த்து, பெண்கள் தாங்களே நடத்தும் இடங்களில் கேட்டு வாங்குங்கள். சங்க ஆண்டுவிழாவுக்குப் பொன்னாடை வாங்குகிறோமே, அதில் குறைந்தது இரண்டு அங்கிருந்து வரட்டும்.

மந்துக்குப் போகாமலே அந்த மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள முறையான இடம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம், அதோடு அருங்காட்சியகம். ஆறு சமூகங்களின் வீடுகள், கருவிகள், அணிகள், இசைக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அரசு அலுவலக நாட்களில் போவது நல்லது. குழுவாகப் போனால் முன்கூட்டித் தெரிவித்துவிடுங்கள். தேயிலைத் தொழிற்சாலையை வெட்டிவிட்டு இதைச் சேர்க்கச் சொல்வேன்.

போகும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் நம் அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்துதான் மேட்டுப்பாளையம் போகிறது. அங்கிருந்து மலை ரயில்: 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், 208 வளைவு, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நீராவி இன்ஜின் தள்ளி ஏற்றும். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது; 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய குழுவுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைப்பது கடினம். குன்னூர்–ஊட்டி இடையே ஓடும் வண்டியிலாவது பிள்ளைகளை ஏற்றுங்கள். வழியில் அருவங்காடு வரும். ஆவடியில் டாங்க் ஃபேக்டரியிலும் ஓ.சி.எஃப். சீருடைத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 1903-ல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி அங்கேதான். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைந்து ஏழு நிறுவனங்களாகும் வரை, ஆவடிக்கும் அருவங்காட்டுக்கும் ஒரே நிர்வாகம். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் உறவோ பழைய நட்போ உள்ளவர்கள் உங்கள் மன்றத்தில் இருந்தால், ஊரைச் சொல்லித் தர அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார்.

கடைசியாக, மலைக்கு நாம் தரும் பாரம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்கு வரம்பும் வந்தது: வாரநாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒருமுறை எறியும் பிளாஸ்டிக்குக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் வழியில் குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் அபராதம் கட்டியபின் திட்டுவதைவிட வீட்டிலிருந்தே சரியாகக் கிளம்பலாம்.

ஆகவே சங்கத்தாரே, மன்றத்தாரே, இந்தக் கோடைக்கான அறிவிப்பை எழுதும்போது மூன்று இடங்களைக் குறைத்து, ஒரு நாளைக் கூட்டுங்கள். வார இறுதியை விட்டு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளில் காலையில் கல் பங்களாவும் புனித ஸ்டீபன் தேவாலயமும், பகலில் முத்தோரை பாலாடா அருங்காட்சியகமும், மாலையில் தோடப் பெண்களின் பூவேலை விற்கும் இடமும் என்று வையுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அழைப்பில்லாமல் எந்த மந்துக்குள்ளும் வேனை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
ஆவடியிலிருந்து உங்களில் ஒருவன்